கரைவலைக்கு நான் போட்ட ஒன்பது

கையில் பிடித்து விளையாடுகிற வீடியோ விளையாட்டுகளுக்கு அபிப்பிராயம் எழுதிப் பல வருடம் சோறு தின்றவள் நான். இதைச் சொன்னால் எங்கள் ஊர் பேசாலையில் இன்றைக்கும் ஆட்கள் சிரிப்பார்கள். என் தங்கச்சியின் மாமியார், "விளையாடுறதுக்கும் சம்பளமோ?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர். ஓம், சம்பளம்தான். கடற்கரைக் கொட்டிலில், வாடியில், நின்று மீனைத் தரம் பிரிக்கிறவனுக்குச் சம்பளம் உண்டென்றால், விளையாட்டைத் தரம் பிரிக்கிறவளுக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது?

இப்போது எங்கள் மாத இதழ் அச்சில் வருவதில்லை. கைப்பேசியில் பார்க்கிற காணொளியாக மாறிவிட்டது. என் இடத்தில் வேலை செய்கிற இரண்டு பிள்ளைகள், ரெஜினோல்டும் பஸ்மினாவும், போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒரு விளையாட்டு வெளியான அன்றைக்கே அபிப்பிராயம் சொல்லிவிட வேண்டுமாம், ஒரு நாள் பிந்தினாலும் ஒருவரும் பார்க்கமாட்டார்களாம். "அன்ரி, நீங்கள் எப்பிடிப் புள்ளி போட்டனீங்கள்? அதைப் பற்றி ஒண்டு எழுதித் தாங்கோ" என்று பஸ்மினா கேட்டாள்.

சரியாகப் போட்ட புள்ளிகளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அவை சரி, அவ்வளவுதான். பிழையாகப் போட்ட ஒன்றைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதை இவ்வளவு காலமும் இரண்டு மூன்று பேருக்கு மேல் சொன்னதில்லை.

நான் முதலில் ஒரு சங்கக் கந்தோரில் தட்டச்சு செய்தவள். சண்டை முடிந்து ஊர் திரும்பிய காலத்தில், மன்னார் பட்டினத்தில் ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் சீமாம்பிள்ளை சேர் கணினி பற்றிய மாத இதழ் ஒன்றைத் தொடங்கினார். அவர் அதற்கு முன்னர் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவர். மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல், காதில் எப்போதும் ஒரு பென்சில். தட்டச்சுக்கு ஆள் வேண்டுமென்று என்னை எடுத்தார். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. கணினியில் சீட்டு விளையாட்டுக்கூட விளையாடி அறியாதவள்.

வெளிநாட்டில் இருக்கிற தகப்பன்மார் பிள்ளைகளுக்கு அந்தக் கையடக்கக் கருவிகளை அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை, புத்தகம் மாதிரி மூடித் திறக்கலாம். ஆனால் அதற்குள் எந்த விளையாட்டை வாங்கிப் போடுவது, எது பிள்ளைக்கு ஆகும், எது ஆகாது என்று தாய்மாருக்குத் தெரியாது. கேட்டுக் கடிதம் எழுதினார்கள். சேர் ஒரு கருவியைக் கொண்டுவந்து என் தட்டச்சு மேசையில் வைத்தார்.

"எனக்கு விளையாடத் தெரியாது சேர்" என்றேன்.

"அதுக்குத்தான் தாறன். தெரிஞ்சவை குறையைச் சுத்திக்கொண்டு போயிடுவினம். நீங்கள் விழுவீங்கள். விழுந்த இடத்தை எழுதுங்கோ."

விழுந்தேன். ஒரு வருடம் விழுந்துகொண்டே இருந்தேன். பெருவிரல் இரண்டும் வீங்கி, பூசையில் கைகூப்பினாலும் வலிக்கும். அந்த வருடத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வேலைமுறை இதுதான். ஒவ்வொரு விளையாட்டையும் மூன்று தரம் விளையாட வேண்டும். முதல் தரம் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும், ஒழுங்காக. இரண்டாம் தரம், ஒரு பிள்ளை என்னென்ன குழப்படி செய்யுமோ அவ்வளவும் செய்ய வேண்டும். எல்லாப் பொத்தானையும் ஒன்றாக அமத்துவது, மின்கலம் தீரும்வரை விடுவது, நடுவில் மூடியை மூடுவது, இப்படி. மூன்றாம் தரம், அந்த வயதுப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு குறைத்தாள் எழுத வேண்டும். அதில் மூன்று நிரல்: எந்த இடம், என்ன குறை, எத்தனை தரம் கண்டது. குறைத்தாள் சேரின் மேசைக்குப் போன பிறகுதான் அபிப்பிராயம் எழுதலாம். கட்டுரை மட்டும் தனியாகப் போனால் அதைத் தொடவே மாட்டார்.

அவர் என் எழுத்தில் ஒரு சொல்லைக்கூட வெட்டியதில்லை. சந்தேகப்பட்ட வசனத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் பொட்டு மாதிரி ஒரு சின்னக் குற்று வைப்பார். "இதை எங்க கண்டனீங்கள்?" என்பதுதான் அதன் அர்த்தம். நேரில் போய் இடத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் குற்றை அழித்துவிடுவார். சொல்ல முடியாவிட்டால் வசனத்தை நானே அழிக்க வேண்டும். சத்தம் போட்டு ஏசுகிற முதலாளிமாரிடம் வேலை செய்திருக்கிறேன், ஒரு காதால் கேட்டு மறு காதால் விட்டுவிடலாம். அந்தக் குற்றை அப்படி விட முடியாது.

ஒருமுறை சுவரேறிப் பாய்கிற விளையாட்டு ஒன்றை, "மூன்றாம் கட்டத்தைத் தாண்டவே முடியாது, கட்டுப்பாடு மோசம்" என்று எழுதிக் கொடுத்தேன். குற்று வந்தது. போனேன். "விளையாட்டின்ர குறையோ, விரலின்ர குறையோ?" என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கருவியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் கீழே இறங்கிப்போய், பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெட்டையிடம் கொடுத்தேன். அவள் மாம்பழம் சூப்பிக்கொண்டே மூன்றாம் கட்டத்தைத் தாண்டினாள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதைதான். "வயதானவர்களின் விரலுக்குக் கடினம், பிள்ளைகளுக்கு இலகு" என்று திருத்தி எழுதினேன்.

இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். "ஒருக்காக் கண்டதை ஒருக்காக் கண்டனான் எண்டே எழுதுங்கோ. பத்துத் தரம் கண்டமாதிரியும் எழுதவேண்டாம், காணாதமாதிரியும் எழுதவேண்டாம்."

அந்தப் பக்கத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். தலைமன்னாரில் ஒரு தாய், என் பக்கங்களை வெட்டி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். புருஷன் கட்டாரிலிருந்து போன் எடுத்தால், அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுவாராம். ஒரு திருநாளில் என்னைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் சொல்லாட்டி நாங்கள் வாங்கமாட்டம் அக்கா" என்றார். பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பெட்டை டிலானி செய்த விளையாட்டு அதற்குப் பிறகுதான் வந்தது. டிலானி எனக்கு அடுத்த தெரு. தாய் அல்போன்சா மீன் கருவாடு போடுகிறவர், தகப்பன் கடலில். பல்கலைக்கழகத்தில் படித்து, சிநேகிதர் இரண்டு பேருடன் சேர்ந்து, அந்தக் கருவியில் ஓடக்கூடிய ஒரு விளையாட்டைத் தமிழில் செய்திருந்தாள். பெயர் "கரைவலை".

விளையாட்டு இதுதான். ஒரு வெறும் கடற்கரை. அதில் வாடி கட்டி, ஆள் சேர்த்து, தோணியில் வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, கரையில் நின்று இழுக்க வேண்டும். பன்னிரண்டு பேர் இழுப்பார்கள். வலை இழுக்கிறவர்கள் சும்மா இழுப்பதில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் இழுப்பார்கள். அந்தக் கூப்பாட்டை விளையாடுகிறவர் தன் வீட்டு ஆட்களின் குரலில் பதிந்து கொடுக்கலாம். கருவியில் ஒரு சின்னத் துளை, அதற்குள் பேசினால் போதும். எத்தனை விதமான குரல் சேருகிறதோ அவ்வளவு நன்றாக வலை ஏறும். நான் பார்த்த விளையாட்டுகள் நூற்றுக்கு மேல் இருக்கும். அவற்றில் பனியும் கோட்டையும் வாள்காரரும் இருந்தார்கள். எங்கள் கடல் அதுவரை ஒன்றிலும் இருக்கவில்லை. திரையில் அந்த மங்கலான பச்சைத் தண்ணீரைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அபிப்பிராயம் எழுதுகிறவள் அழுதால் அன்றைக்கு வேலையை நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை.

என்னிடம் தந்தது கடைகளுக்குப் போவதற்கு முந்தைய பிரதி. முதல் தரம் முழுதாக விளையாடினேன். பன்னிரண்டு பேருக்கும் என் குரலையே "ஓய், ஓய்" என்று கொடுத்திருந்தேன். வீட்டில் வேறு ஆள் இல்லை. இரண்டாம் தரம், ஒரு வலை இழுத்து முடிந்து, "சேமிக்கிறது" என்ற சொல் திரையில் இருக்கும்போது கருவியை மூடினேன். திறந்தேன். பன்னிரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். சத்தம் இல்லை. பதிந்த குரல் அவ்வளவும் போய்விட்டது.

திரும்பவும் பதிந்து, திரும்பவும் அதே இடத்தில் மூடிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எட்டுத் தரம் பார்த்தேன். எட்டுத் தரமும் குரல் இருந்தது. மூன்றாம் தரம் ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்தபோதும் அது வரவில்லை. குறைத்தாளில் எழுதினேன்: வலை முடிந்து சேமிக்கும் இடம், மூடினால் குரல்கள் அழிகின்றன, ஒரு தரம்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து, பங்குச் சுவாமி டிலானியை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாருக்கும் காட்டினார். கோயில் முழுதும் கைதட்டியது. வெளியே வந்ததும் அல்போன்சா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நீங்கள் என்ன எழுதுறீங்களோ அதைப் பாத்துத்தான் கடைக்காரர் எடுக்கிறம் எண்டு சொல்லுறாங்கள். என்ர பிள்ளை ரெண்டு வருசம் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை."

வீட்டுக்கு வந்து குறைத்தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு தரம்தானே. எட்டுத் தரம் வரவில்லையே. போனதுதான் என்ன, என்னுடைய "ஓய்" பன்னிரண்டு. திரும்பப் பதிய இரண்டு நிமிடம் ஆகவில்லை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, எங்கள் ஊரே அந்த நாட்களில் காக்கையாகத்தான் இருந்தது. புதுத் தாள் ஒன்றை எடுத்து, மற்றக் குறைகள் எல்லாவற்றையும் எழுதி, அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். பழைய தாளைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, பைபிளுக்குள் வைத்தேன். ஏன் அங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பத்துக்கு ஒன்பது போட்டேன். அதற்கு முன் ஒன்றுக்கும் ஒன்பது போட்டதில்லை. "வீட்டில் உள்ள எல்லாருடைய குரலையும் இதில் பதிந்து வையுங்கள். பிள்ளைகள் நம்பி விளையாடலாம்" என்று முடித்தேன்.

கடைசி வசனத்துக்குப் பக்கத்தில் குற்று வந்தது. சேரின் மேசைக்குப் போனேன்.

"நம்பி எண்டு எழுதியிருக்கிறீங்கள். இதை எங்க கண்டனீங்கள்?"

"மூண்டு தரமும் முழுசா விளையாடினனான் சேர்."

அவர் என்னைப் பார்த்தார். குறைத்தாளைப் பார்த்தார். காதில் இருந்த பென்சிலை எடுத்து, அதன் பின்பக்க இறப்பரால் குற்றை அழித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறதென்பார்கள். நான் மறைத்தது ஒரு வரி. இவ்வளவு இலகுவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மடு மாதா கோயில் ஆவணித் திருநாளுக்கு வந்த சனத்தில் நிறையப் பேர் கரைவலையை வாங்கிக்கொண்டு போனார்கள். டிலானிக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது.

அடுத்த சித்திரையில், உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை, ஒரு மனிதர் இரும்புக்கடைப் படியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம், துவைத்து மடிப்புக் கலையாத சேட்டு. கையில் துவாய்க்குள் சுற்றிய ஒரு பொருள். நான் கதிரையைக் காட்டினேன். அவர் அதன் நுனியில் குந்தினார்.

"அம்மா, இந்தப் பக்கத்த எழுதுனது நீங்கதானுங்களா?" நாலாய் மடித்த என் பக்கத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தார்.

"ஓம், நான்தான். என்ன அலுவல், சொல்லுங்கோ."

பெயர் செல்வராஜ். நறுவிலிக்குளத்தில் வயல் வேலைக்குக் கூலிக்குப் போகிறவர். அவருடைய தகப்பன் காலத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மனைவி மல்லிகா குவைத்தில் வீட்டுவேலை செய்தவர். திரும்பி வரும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் தாங்கள் விளையாடி விட்ட கருவியைக் கொடுத்துவிட்டார்கள். வந்த சில மாதத்தில் மல்லிகாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மடுத் திருநாளுக்கு நேர்த்திக்கடனுக்காகப் போனபோது, கடையில் என் பக்கத்தைக் காட்டிக் கரைவலையைக் கொடுத்திருக்கிறார்கள். பதினொரு வயது மகள் கௌசல்யாவும் தாயும் பாயில் படுத்துக்கொண்டு அதை விளையாடியிருக்கிறார்கள். வலை இழுக்கிற பன்னிரண்டு பேரில் ஒருத்திக்குத் தாய் தன் குரலைப் பதிந்து கொடுத்திருக்கிறார். மாசி மாதம் அவர் இறந்துபோனார்.

"எங்ககிட்ட இருந்தது பட்டன் போன்தானுங்க. அதுல ஒன்னும் பிடிச்சு வைக்கல. கல்யாணத்துலயும் வீடியோ எடுக்கல. இதுல மட்டுந்தான் அவ குரல் இருந்துச்சு. புள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்து தெனம் ஒரு வலை இழுக்கும். ஒன்னே ஒன்னு. அதுக்கு மேல விளையாடாது."

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

"எட்டு நாளைக்கு முன்ன, ஆடு மெளகாச் செடியில வாய வச்சிருச்சு. நாந்தாம்மா சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். புள்ள பதறிப்போய் டக்குனு மூடிட்டு ஓடியாந்துச்சு. அப்பறம் தெறந்தா எல்லாம் வாயத் தெறக்குது, சத்தம் இல்ல. எட்டு நாளா புள்ள என்கூடப் பேசல. சோறு போட்டா சாப்புடுது. பேச மாட்டேங்குது." துவாயை விரித்துக் கருவியை மேசையில் வைத்தார். "நீங்க நம்பி விளையாடலாம்னு எழுதியிருக்கீங்க. அப்ப நாங்க பாவிச்சதுலதான் தப்பு இருக்கணும். நான் கூப்பிட்டதாலதான் போச்சுங்களா? அத மட்டும் சொல்லுங்கம்மா."

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். "வைச்சிட்டுப் போங்கோ, பாப்பம்" என்றேன். அவர் எழுந்து கைகூப்பினார். கோழைத்தனத்துக்கு இன்னொரு பெயர் தேட நான் விரும்பவில்லை.

டிலானிக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். எந்த இடத்தில் மூடியது என்று கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஒவ்வொரு வலை முடியவும், பழைய குரல் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா எழுதும் அன்ரி. அழிச்சதுக்கும் எழுதுறதுக்கும் இடையில மூடினால் போயிடும். ஒரு செக்கன்கூட இல்லை அது. எப்பவாவதுதான் அகப்படும்."

"எடுக்க ஏலாதோ?"

"ஏலாது அன்ரி. அது இப்ப எங்கயும் இல்லை." பிறகு கேட்டாள்: "நீங்கள் மூடிப் பாத்திருப்பீங்களே. கண்டனீங்களோ?"

"ஒருக்கா."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே. பழசை அழிக்க முன்னம் புதுசை எழுதச் சொல்லுறதுதான். ஒரு கிழமை வேலை. கடைக்குக் குடுக்க முன்னம் செய்திருப்பன்." அவள் சத்தம் போடவில்லை. "உங்கட ஒன்பதை எங்கட அம்மா சட்டம் போட்டு மாதா படத்துக்குக் கீழ மாட்டி வைச்சிருக்கிறா அன்ரி."

அன்று பின்னேரமே பழைய குறைத்தாளைக் கொண்டுபோய்ச் சேரின் மேசையில் வைத்தேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன்.

"அது உங்களுக்கு லேசு" என்றார். "திருத்தம் போடவேணும். அதே பக்கம், அதே அளவு எழுத்து, அதே இடம். நீங்கள் கண்டதையும், மறைச்சதையும், அதால என்ன போனது எண்டதையும் எழுதுங்கோ. கீழ உங்கட பேர் வரட்டும். என்ர பேரும் வரட்டும். நானும் ஒரு குற்றை அழிச்சனான்."

"உங்களுக்குத் தெரியாதே சேர்."

"தெரியும் பிள்ளை. நீங்கள் இடத்தைச் சொல்லேல்லை. முழுசா விளையாடினனான் எண்டு மட்டும் சொன்னீங்கள். எனக்கும் அது எங்கட கடல்தானே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அச்சுக்குப் போக முன்னம் அந்தப் பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டுங்கோ."

எழுதி முடிக்க ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள் நகலையும் கருவியையும் எடுத்துக்கொண்டு நறுவிலிக்குளத்துக்குப் பஸ் ஏறினேன். பெரும்போக நெல் வெட்டு முடிந்து வயல் எல்லாம் வெறுமையாகக் கிடந்தது. செல்வராஜின் வீடு இரண்டு அறை, தகரக் கூரை, முற்றத்தில் மிளகாய்ச் செடி. அவர் எனக்குக் கதிரை போட்டுவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கௌசல்யா பாயில் இருந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல், பெரிய காது. தகப்பன் "வணக்கம் சொல்லு" என்றதும் எனக்கு வணக்கம் சொன்னாள், அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வருகிற வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். வந்ததும் எல்லாம் மறந்துபோனது. கருவியைப் பாயில் வைத்தேன்.

"பிள்ளை, அம்மான்ர குரலைத் திரும்ப எடுக்க ஏலாது. செய்த அக்காவிட்டயும் கேட்டனான். ஏலாதாம். அது அப்பா கூப்பிட்டதால போகேல்லை. நீங்கள் மூடினதாலயும் இல்லை. இதுக்குள்ள ஒரு பிழை இருந்தது. விக்க முன்னமே நான் அதைக் கண்டனான். கண்டும் எழுதேல்லை. எழுதியிருந்தால் திருத்தியிருப்பினம்."

செல்வராஜ் வாசற்படியில் இருந்துவிட்டார். "கண்டீங்களா?" என்றார். "கண்டுட்டா நம்பலாம்னு எழுதுனீங்க?"

"ஓம்."

அவர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முழங்காலைக் கட்டிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி இருந்தார்.

கௌசல்யா பென்சிலைக் கொப்பிக்கு நடுவில் வைத்து மூடினாள். "ஒங்களுக்கு அழிஞ்சப்ப யாரு கொரல் போச்சு மிஸ்?"

"என்ர மட்டும்தான். பன்னிரண்டு பேருக்கும் என்ர குரல்தான் குடுத்தனான்."

"அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

அவள் என்னை மன்னித்துச் சொல்லவில்லை. குற்றம் சாட்டியும் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னாள். நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகளைப் பரிசோதித்தவளுக்கு, இழக்க ஒன்றும் வைக்காமல் பரிசோதித்தால் இழப்பு தெரியாது என்று ஒரு பதினொரு வயதுப் பிள்ளை சொல்ல வேண்டியிருந்தது.

நகலை நீட்டினேன். "இது பேப்பரில வரப்போகுது. நீங்கள் பாத்துச் சரியெண்டால்தான் போடுவம்."

அவள் வாங்கிச் சத்தமாக வாசித்தாள். தமிழ்ப் பாடப் புத்தகம் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். நான் குறையைக் கண்டது, தாளை மாற்றியது, ஒன்பது போட்டது எல்லாம் அந்தக் குரலில் வந்தது. "இதனால் ஒரு தாயின் குரல் அழிந்துபோனது" என்ற இடத்தில் நின்றாள்.

"அம்மா என்னா சொல்லிச்சுன்னு நீங்க எழுதல."

"எனக்குத் தெரியாது பிள்ளை. என்ன சொன்னவா?"

அவள் எழுந்தாள். கயிறு பிடிக்கிறதுபோல இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டிக் காலை ஊன்றி நின்றாள். நோயாளியின் குரலை நான் எதிர்பார்த்திருந்தேன். தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற மலையில் ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குக் கேட்கிற மாதிரி ஒரு கூப்பாடு வந்தது.

"ஏய் கௌசி! வலையா இழுக்குற, கொழுந்தா கிள்ளுற? இழுடீ!"

முற்றத்தில் நின்ற ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது. என் கை தானாகவே பைக்குள் போய்க் கைப்பேசியை எடுத்தது. "இன்னொருக்காச் சொல்லுங்கோ பிள்ளை, நான் பதிஞ்சு தாறன்."

"வேணாம் மிஸ்." அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "சொல்லும்போது எனக்கு அம்மாதான் கேக்குது. பதிஞ்சு கேட்டா நான்தான் கேக்கும்."

கைப்பேசியை வைத்துவிட்டேன். வாசற்படியில் இருந்த செல்வராஜ், எங்கள் பக்கம் திரும்பாமல், முற்றத்தைப் பார்த்தபடியே தொண்டையைச் செருமினார்.

"கடைசியில 'இழுடி'ன்னு சொல்ல மாட்டா. 'இழு சாமி'ன்னுதான் சொல்லுவா."

கௌசல்யா விறுக்கென்று திரும்பினாள்.

"இல்லப்பா. 'சாமி' வீட்டுல கூப்பிடுறது. வலைக்கு 'இழுடி'தான். நீங்க வயலுக்குப் போயிருவீங்க, ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

செல்வராஜ் திரும்பி மகளைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவள் போய் அவருக்குப் பக்கத்தில் படியில் இருந்து, "இழுடிதான்பா" என்று இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னாள்.

நான் நகலின் ஓரத்தில் 'இழுடி', 'இழு சாமி' இரண்டையும் எழுதிக்கொண்டேன்.